டாக்சிக் காசை யார் தருவது?

சம்பளச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படிக்கிற பழக்கம் நம்மில் பலருக்குக் கிடையாது, கடைசியில் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். படித்திருந்தால் மத்திய சேம நிதிக்குப் பக்கத்திலேயே சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், என்று ஒரு சின்னக் கழிவு கண்ணில் பட்டிருக்கும். சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. 1991-ல் தொடங்கிய அந்த அமைப்பு இந்தக் காசை முக்கியமாகப் பிள்ளைகளின் படிப்புக்கும் சிரமப்படும் குடும்பங்களுக்கும் செலவழிக்கிறது, மருத்துவமனைக்கு அல்ல. அப்படியிருந்தும் பொதுச் சுகாதாரத்தில் நன்கொடையின் பங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஒரு வரிதான். மாதாமாதம் தவறாமல் வருகிற காசு அது. இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கொடுப்பவர் நிபந்தனை போடுவதில்லை, யார் கொடுத்தார் என்று எந்தச் சுவரிலும் பொறிப்பதும் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட நன்கொடைகளில் இப்படிப்பட்ட காசைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரக் கோயிலில் நடக்கும் உடல்நலப் பரிசோதனை நாட்களில் கொஞ்ச காலமாகத் தொண்டூழியம் செய்து வருகிறேன், அதற்கு முன்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஒரு மருந்தகத்தில் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டு இடத்திலும் பார்த்தது ஒன்றுதான். மருந்துக்குப் பணம் கிடைக்கும், இயந்திரத்துக்குக் கிடைக்கும், கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வயதான அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் கூட உட்கார்ந்து, மருந்து வாங்கி, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுகிற செலவு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கட்டடத்துக்குக் கொடுக்கிற வழக்கம் இந்த ஊரில் பழையது. மலாக்காவில் பிறந்து, இங்கே வந்து காய்கறியும் கோழியும் விற்று மேலே வந்தவர் டான் டோக் செங். அவர் கொடுத்த 5,000 ஸ்பானிய வெள்ளியில்தான் 1844 ஜூலையில் பர்ல்ஸ் ஹில் குன்றில் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முந்தைய நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. ஏழை நோயாளிகளைப் பராமரிக்கிற செலவுக்குப் பன்றி இறைச்சி விற்பனையின் மீது ஒரு வரி இருந்தது, அந்த வரியை 1837-ல் எடுத்துவிட்டார்கள், வரி போனதும் பராமரிப்புக்கான பணமும் போனது, கூலி வேலைக்குக் கப்பலேறி வந்து நோயில் விழுந்தவர்கள் தெருவோரத்தில் கிடந்தார்கள். சரி, டான் டோக் செங் கொடுத்தார், 1847-ல் கட்டடம் எழுந்தது. ஆனால் நோயாளிகள் அதற்குள் குடிபோனது 1849-ல். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். அப்புறம் மகன் டான் கிம் சிங் விரிவாக்கத்துக்குக் கொடுத்தார், டான் டோக் செங்கின் மனைவி பெண்களுக்கான வார்டுக்குக் கொடுத்தார், ஊரார் கொடுத்தார்கள், அரசாங்கமும் கொடுத்தது. அந்த மருத்துவமனை இடம் மாறி இடம் மாறி 1909-ல் இப்போதைய மோல்மெய்ன் ரோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது. இன்று அது பொது மருத்துவமனை. வள்ளலின் பெயர் வாசலில் இருக்கிறது, ஆனால் அதைத் தினமும் நடத்துவது வரிப்பணமும் ஊழியர்களும்தான்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த முதல் 5,000 வெள்ளி இல்லாமல் மற்றது எதுவும் வந்திருக்காது. இன்றைக்கும் அதே வழியில்தான் பெரிய காசு வருகிறது. ஈசூனில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு அவர் குடும்பம் 125 மில்லியன் வெள்ளி கொடுத்தது, ஜூரோங்கில் 2015-ல் திறந்த இங் டெங் ஃபோங் மருத்துவமனைக்கும் அதே அளவுக்கு ஒரு நன்கொடை. பணக்காரர்கள் தங்கள் பெயரை மருத்துவமனைக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதை விட இது எவ்வளவோ மேல். நான் கேட்பதெல்லாம் அந்த வாசலுக்கு வெளியே நடப்பதைப் பற்றி.

வாசலுக்கு வெளியே என்றால், உதாரணத்துக்கு, எங்கள் கோயில் மண்டபம்.

2010-ல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. சோற்றையும் இனிப்பையும் மரபணுவையும் காரணம் காட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 2016-ல் அரசாங்கமே நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது. 2017-ல் பரிசோதனைக் கட்டணத்தை 5 வெள்ளியாக்கினார்கள், சிலருக்கு 2 வெள்ளி, முன்னோடித் தலைமுறை முதியவர்களுக்கு இலவசம். ஆக, விலை ஒரு தடையே இல்லை. அப்படியிருந்தும் வராதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடித்தான் பரிசோதனை கோயிலுக்கு வருகிறது.

எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பூஜை முடிகிற நேரம், செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டியதும் நாலைந்து மேசைகள். ஒன்றில் பெயர் எழுதுவார்கள், ஒன்றில் எடையும் இடுப்பளவும், ஒன்றில் ரத்த அழுத்தம், கடைசியில் விரல் நுனியில் ஒரு குத்து. தாதியர் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வருவார்கள், இயந்திரங்கள் அவர்களுடையது, இடமும் மின்விசிறியும் கோயிலுடையது, ஆட்களைப் பிடித்து உட்காரவைப்பது எங்கள் வேலை. இந்த ஏற்பாட்டில் தீராத ஒரு சிக்கல், பிரசாத வரிசையும் எங்கள் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. கையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து உட்கார்ந்து, "இதைச் சாப்பிட்டுட்டு வரட்டுமா, இல்ல குத்திட்டுச் சாப்பிடட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தாதியருக்கே சில நேரம் தெரிவதில்லை.

ஏன் கோயில்? அதே தாதி, அதே இயந்திரம், சமூக மன்றத்திலும் இருக்கிறதே? காரணம் பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கோயிலில் உங்களைத் தெரிந்தவர் ஒருவர் நிற்பார். சமையல்கட்டில் காய் நறுக்குகிற அக்கா, "என்ன மாமா, போன தடவையும் டிமிக்கி குடுத்தீங்க, இன்னிக்கு விடமாட்டேன்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைப்பார். அரசாங்கக் கடிதத்தால் முடியாத காரியம் அது. பொதுச் சுகாதாரத்தில் சமூகப் பங்காளித்துவம் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்களே, என் கண்ணுக்குத் தெரிந்த அளவில் அதன் நடைமுறை வடிவம் அந்த அக்காதான்.

ஆனால் குத்திப் பார்ப்பது பாதி வேலைதான். அளவு கூடுதலாக வந்தால் ஒரு சீட்டு கொடுத்து, பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப டாக்டரிடமோ போகச் சொல்வோம். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள், சட்டை துவைக்கப் போகும், கதை முடிந்தது. கண்டுபிடித்துவிட்டுத் தொடராமல் விட்ட பரிசோதனையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, சொல்லப்போனால் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஒருவர், எழுபதைத் தாண்டியவர், அளவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. போன் செய்தால் எடுக்கவில்லை. அக்கா நேரில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: அவர் தம்பி ரத்தச் சுத்திகரிப்பில் இருந்து இறந்தவர், டாக்டரிடம் போனால் தன்னையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம். போகாமல் இருந்தால்தான் அந்த நாற்காலி நெருங்கி வரும் என்று அவருக்கு எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் ஏறியிருக்காது. அக்கா கூடப் போனார். டாக்சியில். அக்காவின் சொந்தக் காசில்.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், வாழ்நாள் முழுக்க. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். இவர்களுக்காக 1969-ல் தொடங்கியதுதான் தேசிய சிறுநீரக அறநிறுவனம். சாதாரண மக்கள் மாதம் 5 வெள்ளி, 10 வெள்ளி என்று வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லிக் கொடுத்து வளர்ந்த அமைப்பு அது, தொலைக்காட்சி நிதித் திரட்டு நிகழ்ச்சிகள் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி ஓடும். 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் உண்மை வெளிவந்தது. தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய், வருடத்துக்கு 600,000 வெள்ளி அளவில் சம்பளம், இருப்பில் இருந்த பணத்தைப் பற்றி மக்களுக்குச் சொன்ன தவறான கணக்கு. ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள், நிர்வாகக் குழு முழுதாகப் பதவி விலகியது. என் அம்மா அன்று அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர், அதற்கப்புறம் எந்த நிதித் திரட்டு நிகழ்ச்சியையும் பார்த்ததில்லை.

அந்தக் கோபம் நியாயமானது, அதனால் நல்லதும் நடந்தது. அறநிறுவனங்களின் நிர்வாகத்துக்கு நெறிமுறை வந்தது, அறநிறுவன மன்றம் வந்தது, அந்த அமைப்பும் புதிய நிர்வாகத்தின் கீழ் மீண்டது, இன்று பல்லாயிரம் பேருக்கு அதுதான் கதி. ஆனால் நம் மனத்தில் ஒரு கெட்ட பழக்கமும் தங்கிவிட்டது. யார் நன்கொடை கேட்டாலும், "நான் கொடுக்கிற ஒரு வெள்ளியில் எத்தனை காசு நோயாளிக்குப் போகும்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது, அதுவும் சரியான விதி. சிக்கல் எங்கே என்றால், நாம் எல்லாச் செலவையும் அந்தக் குழாயாகவே பார்க்கத் தொடங்கிவிட்டோம். மருந்துக்குப் போனால் நோயாளிக்கு, சம்பளத்துக்குப் போனால் வீண். கூடப் போகிற ஆளின் சம்பளம், போன் செய்து நினைவூட்டுகிறவரின் சம்பளம், பெயர்களை ஒழுங்காகப் பதிந்துவைக்கிற கணினி ஆளின் சம்பளம், இதெல்லாம் நிர்வாகச் செலவு. அந்தப் பெரியவரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? நாம் இளக்காரமாகப் பார்க்கிற இந்த நிர்வாகச் செலவுதான், அதையும் அக்கா தன் கைப்பையிலிருந்து கட்டினார்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும் தோழி சொல்வார், அவர்கள் சுவருக்கு வருடத்தில் பல தடவை பெயின்ட் அடிபடும், ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியரை ஒரே மாதிரிச் சட்டையில் கூட்டிவந்து அதைத்தான் செய்ய விரும்புகிறது. அப்புறம் அந்த ஆளுயர அட்டைக் காசோலை. அதை வங்கியில் போட முடியாது, குப்பைத் தொட்டியிலும் நுழையாது.

ஆனால் பெரிய அமைப்புகளுக்கென்றே உள்ள காரியங்களும் உண்டு. கொவிட் காலத்தில் தெமாசெக் அறநிறுவனம் முகக்கவசத்தை இயந்திரங்கள் வழியாகத் தீவு முழுக்க விநியோகித்தது, 2021-ல் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் கொடுத்தது. அதைக் கோயில் கமிட்டியால் செய்ய முடியுமா? 2003-ல் சார்ஸ் வந்தபோது டான் டோக் செங் மருத்துவமனையைத்தான் அந்த நோயாளிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். நாட்டில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் மரணம், தாதிச் சீருடையைப் பார்த்தால் மக்கள் விலகி நின்ற காலம். அப்போது மக்களும் நிறுவனங்களும் சேர்ந்து கொடுத்து உருவான கரேஜ் நிதியில் 30 மில்லியன் வெள்ளிக்கு மேல் சேர்ந்தது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் அது போனது. அவசரம் என்றால் நம் மக்கள் கொடுப்பார்கள். அவசரம் இல்லாத, சலிப்பூட்டுகிற, வருடக்கணக்கில் இழுக்கிற நோய்க்குத்தான் கை வராது.

சலிப்பூட்டுகிற நோய் என்றால் காசநோயைச் சொல்லலாம். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் மிக அதிகம் பேரைக் கொன்ற நோய்களில் அது முன்வரிசையில் நின்றது, நெரிசலான கடைவீட்டு அறைகளில் இரவு ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் பகல் ஷிப்ட் ஆள் படுத்த காலம். 1947-ல், ஜப்பானியர் காலத்துச் சிறைவாசத்திலிருந்து மீண்ட சிலர் சேர்ந்து சாட்டா என்ற காசநோய் எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நன்கொடையில் மருந்தகம், எக்ஸ்ரே, பிறகு நோயாளியைத் தேடிப் போகிற எக்ஸ்ரே வண்டி. காசநோய்ச் சிகிச்சையில் மருந்தைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும், இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடுவார்கள், விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும். அதனால்தான் இன்றைக்கும் தாதி முன்னால் நின்று மாத்திரை விழுங்குகிற முறை இருக்கிறது. ஒருவர் கூட நிற்பதே சிகிச்சையின் ஒரு பகுதி என்று மருத்துவமே ஒப்புக்கொண்ட இடம் இது.

அதே சாட்டா இப்போது சாட்டா கொம்ஹெல்த். 2022-ல் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதை நடத்தப் பொறுப்பேற்றவற்றில் ஒன்று அது, இன்னொன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை. ரெண்டுமே அறநிறுவனங்கள்.

அந்தத் திட்டம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்கொடையின் வேலை என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2006-ல் ஒரு டாக்டரும் அவர் நண்பரும் ஹெல்த்சர்வ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், கேலாங்கில் மருந்தகம், தொண்டூழிய டாக்டர்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சொற்பக் கட்டணம். 2008-ல் வெளிநாட்டு ஊழியர் நலனுக்கான டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ அமைப்பு லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு பெயரில் இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. உணவுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வேலையில் கை நசுங்கி, இழப்பீட்டு வழக்கு முடிகிறவரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்கிறவர் வேலை செய்யக்கூடாது. சம்பளம் இல்லை, ஊருக்குப் போகவும் முடியாது, உடைந்த எலும்பு ஒன்றுசேர வேண்டும் என்றால் சாப்பிட வேண்டாமா?

இப்படிப் பல வருடம் சின்னச் சின்ன அமைப்புகள் கையிலிருந்து போட்டு நடத்திக்கொண்டிருந்தபோது 2020 வந்தது. தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது, ஏறக்குறைய பாதிப் பேர். அந்த வருடம் ஏப்ரலில் ஓர் இளம் மருத்துவப் பட்டதாரி, மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை வங்காளியில் எழுதி, ஒலிப்பதிவோடு இணையத்தில் போட்டார், தமிழும் மற்ற மொழிகளும் பின்னால் சேர்ந்தன. டாக்டர்கள் பாதுகாப்பு உடைக்குள் நின்றுகொண்டு அதைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அரசாங்கத்துக்குப் படுக்கை இருந்தது, பரிசோதனைக் கருவி இருந்தது, ராணுவமே உதவிக்கு வந்தது. மன்னார்குடிக்காரரிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்க ஆள் போதவில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த திட்டத்தில் முதலாளி ஒவ்வொரு ஊழியருக்கும் வருடத்துக்கு 108 முதல் 138 வெள்ளி வரை கட்ட வேண்டும் என்று வைத்தார்கள், ஊழியர் நேரில் டாக்டரைப் பார்த்தால் 5 வெள்ளி, தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி. தொண்டு அமைப்புகள் பல வருடம் நன்கொடையில் செய்துகாட்டியது இப்போது விதியாகிவிட்டது. நன்கொடையின் உச்சமான வெற்றி இதுதான் என்பது என் எண்ணம்: தன் வேலையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு நகர்வது. ஒரு தொண்டு நிறுவனம் அதே வேலையை ஐம்பது வருடம் செய்துகொண்டிருந்தால் அதைப் பாராட்டுவதற்கு முன்பு, இதைச் செய்ய வேண்டியவர் யார், அவர் ஏன் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. ஊழியரின் மருத்துவச் செலவு சட்டப்படி முதலாளியுடையது. மருத்துவக் காப்புறுதி வருடத்துக்கு 15,000 வெள்ளி என்று இருந்தது, 2023 ஜூலையிலிருந்து 60,000. முதலாளி கட்ட வேண்டியதை உண்டியல் கட்டினால், அந்த உண்டியலில் போட்டவர் யாருக்கு உதவினார்? ஊழியருக்கா முதலாளிக்கா? மருந்தகத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தக் கேள்வி என்னை அடிக்கடி அரித்திருக்கிறது. ஆனால் முன்னால் காய்ச்சலோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அதை விவாதிக்க முடியாது, முதலில் மாத்திரையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் தொண்டுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. மருந்தகத்தில் நான் பார்த்த ஒருவர், சிவகங்கைப் பக்கத்து ஆள், முப்பது வயதுக்குள், முதுகுவலி என்று வந்தார். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்ல சார்", "பரவால்ல சார்". வலி நிவாரணி எழுதிக்கொடுத்து அனுப்புகிற நேரம். நான் அவர் ஊரைப் பற்றி ஏதோ கேட்டேன், எந்தப் பக்கம், மழை உண்டா என்று. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "அண்ணே, இதை எழுதினா கம்பெனிக்குத் தெரியுமா?" என்றார். ஏஜென்டுக்குக் கட்டின கடன் இன்னும் அடையவில்லை. விழுந்தது வேலையிடத்தில், பத்து நாளுக்கு முன்பு, சூப்பர்வைசர் சொல்லாதே என்றிருக்கிறார். கால் மரத்துப்போவது அதற்கப்புறம்தான். டாக்டர் நல்லவர், அவசரப்படுபவரும் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி அவரிடம் வந்திருக்காது. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினோம். இப்படி ஒருவர் வாய் திறப்பதற்கான இடத்தை எந்த விதியாலும் உண்டாக்க முடியாது. ஹெல்த்சர்வ் இன்று 24 மணி நேர உதவித் தொலைபேசி நடத்துகிறது என்றால், மறுமுனையில் அவர்கள் மொழியில் பேசுகிற குரலுக்குத்தான் அந்தப் பணம்.

பணமே தேவைப்படாத கொடையும் ஒன்று இருக்கிறது, நம் சமூகம் அதில் பின்தங்கியிருக்கிறது. ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படும். உடன்பிறந்தவரிடம் பொருந்துவதற்கே நாலில் ஒரு வாய்ப்புதான், இல்லையென்றால் வெளியே தேட வேண்டும், பொருத்தம் பெரும்பாலும் அதே இனத்தாரிடம்தான் கிடைக்கும். இங்கே 1993-லிருந்து அதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு, அவ்வளவுதான் பதிவுக்கு வேண்டியது. எங்கள் பரிசோதனை நாளில் ஒரு முறை அந்த மேசையையும் போட்டோம். இளைஞர்கள் ஆர்வமாக வந்தார்கள், பின்னாலேயே வந்த அம்மாக்கள் சிலர் "முதுகெலும்புல ஊசி போடுவாங்களாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஊசி முதுகுத்தண்டில் இல்லை, இடுப்பெலும்பில், இப்போது பெரும்பாலும் கையிலிருந்தே ரத்தமாக எடுத்துவிடுகிறார்கள் என்று சொல்ல அந்த அம்மாக்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். அடுத்த முறை காய் நறுக்குகிற அக்காவையே அந்த மேசையில் உட்காரவைக்கலாம் என்று இருக்கிறோம், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வியாபாரி, நல்ல மனிதர், கோயிலுக்கு நிறையச் செய்தவர், ரத்த அழுத்தக் கருவிகள் வாங்கித் தருவதாகச் சொன்னார், தன் அப்பா பெயரில். எங்களிடம் இருக்கிற கருவிகளே நன்றாக ஓடுகின்றன. அதற்குப் பதிலாகக் கூடப் போகிறவர்களுக்கு டாக்சிக் காசு தர முடியுமா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு எங்கய்யா பேர் போடுவீங்க?" என்றார், எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், ஆனால் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. வரிவிலக்கையும் கேட்டார். அங்கீகாரம் பெற்ற பொது அமைப்புக்குக் கொடுத்தால் 100 வெள்ளிக்கு 250 வெள்ளி அளவுக்கு வருமானத்தில் கழிவு உண்டு, கமிட்டியின் டாக்சிச் செலவுக்கு அது கிடைக்காது. தாதியரை அனுப்புகிற தொண்டு அமைப்புக்கு அந்த அங்கீகாரம் இருப்பதால், அவர்கள் வழியாகக் கொடுத்து, நோயாளி துணைச் செலவு என்று தனித் தலைப்பில் வைக்கலாம் என்று பொருளாளர் வழி கண்டுபிடித்தார். கடைசியில் பாதிப் பணம் அதற்கு, பாதிக்கு ரெண்டு கருவி, அப்பா பெயரோடு.

இப்போது பதிவுத் தாளில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறோம்: டாக்டரிடம் கூட வர ஆள் வேண்டுமா? யாரும் டிக் செய்யமாட்டார்கள், வெட்கப்படுவார்கள் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். நிறையப் பேர் டிக் செய்கிறார்கள், அதுதான் இப்போது எங்கள் தலைவலி. காசு ஓரளவு இருக்கிறது, ஆள் இல்லை. அடுத்த பரிசோதனை தைப்பூசத்துக்கு அப்புறம். ஈசூன், செம்பவாங் பக்கம் இருப்பவர்கள், வார நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள், கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கார் தேவையில்லை. காத்திருக்கப் பொறுமை வேண்டும், பெரியவர்கள் சொன்ன கதையையே திரும்பச் சொல்வார்கள், அதற்கும்.